சொந்தமாக ஒரு டாப் 40: எழுபதுகளின் நோட்டுப் புத்தகச் சார்ட்டுகள்

ஒரு பாட்டு எத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது என்று எப்படிக் கணக்குப் போடுவது? இன்றைக்கு இது ஒரு கேள்வியே இல்லை. யூட்யூபில் பாட்டுக்குக் கீழேயே எண் ஓடிக் கொண்டிருக்கிறது. ஆனால் எழுபதுகளின் கடைசியில் பிரிட்டனில் ஒரு பள்ளிக்கூடப் பையனுக்கு இந்த எண் வேண்டுமென்றால், வாரா வாரம் ரேடியோ பக்கத்தில் பேனாவும் நோட்டுமாக உட்கார வேண்டும். ஒரு பாட்டைத் தவறவிட்டால் அந்த வரி காலிதான்.

அப்படி உட்கார்ந்த பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களில் பலர் ரேடியோ சொன்னதை எழுதியதோடு நிற்கவில்லை. "எனக்கு எது முதலிடம்?" என்று சொந்தமாக ஒரு பட்டியலும் போட்டார்கள், 20 பாட்டு, 30 பாட்டு, 40 பாட்டு என்று. வெளியில் யாருக்கும் அது தெரியாது, யாரும் அச்சடிக்கப் போவதும் இல்லை. இருந்தும் ஆண்டுக்கணக்கில் எழுதினார்கள். ஏன்? அதைப் புரிந்துகொள்ள, அவர்கள் பார்த்து எழுதிய "நிஜ" சார்ட் எப்படித் தயாரானது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

20 கடைக்கு ஒரு போன்

பிரிட்டனின் முதல் பாப் சார்ட் வெளியான நாள் 1952 நவம்பர் 14. வெளியிட்டது நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் என்ற வாரப் பத்திரிகை. அதில் வேலை பார்த்த பெர்சி டிக்கின்ஸ் சுமார் 20 ரெக்கார்டு கடைகளுக்கு போன் போட்டு, "இந்த வாரம் உங்களிடம் அதிகம் விற்றது எது?" என்று கேட்டார். அந்தப் பதில்களைக் கூட்டிப் பட்டியல் போட்டார். அவ்வளவுதான் முறை! பெயர் டாப் 12. ஆனால் சில இடங்களில் சமநிலை வந்ததால் 12 இடங்களில் 15 பாட்டுகள் இருந்தன. முதலிடத்தில் அல் மார்ட்டினோ.

இது நன்றாகப் போனதும் மற்ற பத்திரிகைகள் சும்மா இருக்குமா? 1955ல் ரெக்கார்ட் மிரர், 1956ல் மெலடி மேக்கர், 1960ல் ரெக்கார்ட் ரீடெய்லர் என்று ஆளுக்கொரு சார்ட் வந்தது. ஒவ்வொன்றும் வேறு வேறு கடைகளைக் கேட்டது. ஆகவே ஒரே வாரத்தில் ஒரு பத்திரிகையில் முதலிடத்தில் இருக்கும் பாட்டு இன்னொன்றில் இரண்டாம் இடத்தில் இருக்கும். பி.பி.சி. என்ன செய்தது தெரியுமா? பத்திரிகைச் சார்ட்டுகளை எடுத்துச் சராசரி போட்டுத் தன் பட்டியலைத் தயாரித்தது. இதனால் 1968ல் ஒரு வாரம் மூன்று பாட்டுகள் சேர்ந்தாற்போல் முதலிடத்துக்கு வந்துவிட்டன. முதல் மார்க் மூன்று பேருக்கு என்றால் பரிசை யாருக்குக் கொடுப்பது? "இது சரிப்பட்டு வராது" என்று முடிவானது. 1969 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மார்க்கெட் ரிசர்ச் பீரோ என்ற நிறுவனத்திடம் (சுருக்கமாக பி.எம்.ஆர்.பி.) பொறுப்பு போனது. அதிலிருந்துதான் "அதிகாரபூர்வ" சார்ட்.

300 கடைகளின் டைரி

எழுபதுகள் முழுக்க நடந்த முறை இதுதான். நாடு முழுக்க சுமார் 300 கடைகள் மாதிரியாக எடுக்கப்பட்டன. கடைக்காரர் கையில் ஒரு டைரி. ஒரு ரெக்கார்டு விற்றால் அதன் எண்ணை டைரியில் எழுத வேண்டும். சனிக்கிழமை கடை மூடியதும் டைரி தபாலில் போகும். திங்கட்கிழமை கணக்கு, செவ்வாய் மதியம் அறிவிப்பு.

படிக்கும்போது ஒழுங்காகத்தான் இருக்கிறது. நடைமுறையில்தான் ஓட்டைகள். டைரிகள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. 1971ல் தபால் ஊழியர் வேலைநிறுத்தம் வந்தபோது போனில் கேட்டுச் சமாளிக்க வேண்டியிருந்தது. 1973 வாக்கில் டைரிகளை வாங்கி வர மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பினார்கள். இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. டைரியைக் கையால் எழுதுவது கடைப் பணியாளர். கூட நான்கு எண்ணைச் சேர்த்து எழுதினால் யாருக்குத் தெரியும்? எந்தெந்தக் கடைகள் மாதிரியில் இருக்கின்றன என்பது ரகசியம் என்று பெயர். ஆனால் ரெக்கார்டு கம்பெனிகளின் விற்பனைப் பிரதிநிதிகளுக்கு அது தெரிந்தே இருந்தது. அந்தக் கடைகளில் மட்டும் ஆள் வைத்து வாங்குவது, இலவசப் பொருள் கொடுத்து டைரியில் எழுத வைப்பது என்று பல வேலைகள் நடந்தன. 1980ல் வேர்ல்ட் இன் ஆக்ஷன் என்ற டி.வி. நிகழ்ச்சி இதை வெளியே கொண்டுவந்தது. 1983 ஜனவரியில் காலப் நிறுவனம் பொறுப்பேற்று, கடைகளில் மின்னணுக் கருவி வைத்த பிறகுதான் கையெழுத்து டைரிக்கு விடை கொடுத்தார்கள்.

ஆக, நாடே நம்பிய அந்தப் பட்டியலும் ஒருவகையில் ஒரு நோட்டுப் புத்தகம்தான். 300 பேர் சேர்ந்து எழுதிய நோட்டு.

செவ்வாய், வியாழன், ஞாயிறு

ஒரு ரசிகனின் வாரம் செவ்வாய்க்கிழமை மதியம் தொடங்கும். பி.பி.சி. ரேடியோ 1ல் புதிய சார்ட் அறிவிக்கப்படும் நேரம் அது. பள்ளி நாள் வேறு. பைக்குள் சின்ன டிரான்சிஸ்டரை மறைத்து எடுத்துப் போய் மதிய இடைவேளையில் கேட்பது அந்தத் தலைமுறை பிரிட்டிஷ்காரர்கள் பலர் இன்றும் சொல்லும் கதை. வியாழன் இரவு டி.வி.யில் டாப் ஆஃப் தி பாப்ஸ். ஞாயிறு மாலை ரேடியோ 1ல் முழுப் பட்டியலும் கீழிருந்து மேலாக வரும்.

ஞாயிறு நிகழ்ச்சியை 1972லிருந்து நடத்தியவர் டாம் பிரவுன். அப்போது டாப் 20 மட்டும். 1978ல் சைமன் பேட்ஸ் வந்தார். அந்த ஆண்டு நவம்பரில் அது டாப் 40 ஆக, இரண்டு மணி நேரமாக விரிந்தது. அதே ஆண்டு மே மாதம் அச்சிலும் சார்ட் 50லிருந்து 75 ஆனது. நோட்டு வைத்திருந்தவர்களுக்கு வேலை இரட்டிப்பு!

இன்னொரு வசதியும் இருந்தது. ரேடியோ 1 மத்திய அலையில்தான் வரும், கரகரப்பு அதிகம். ஞாயிறு மாலை ரேடியோ 2ன் எஃப்.எம். அலைவரிசையைக் கடன் வாங்கி ஒலிபரப்பினார்கள். அப்போது பாட்டு சுத்தமாகக் கேட்கும். அதனால் ஒரு கையில் பேனா, இன்னொரு கை கேசட் ரெக்கார்டரின் பாஸ் பட்டனில். அறிவிப்பாளர் பேசி முடித்ததும் பட்டனை விட வேண்டும், மறுபடி பேச ஆரம்பிப்பதற்குள் அமுக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்துச் சார்ட் மெதுவாக நகரும். 1973 டிசம்பருக்குப் பிறகு 1980 மார்ச் வரை ஒரு பாட்டுகூட வந்த வாரத்திலேயே நேராக முதலிடத்தில் நுழையவில்லை. 38, 21, 9, 4 என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும். அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பயணம் இருந்தது. அடுத்த வாரம் என்ன ஆகும் என்ற ஆவல் இருந்தது. தொடர்கதைக்கு வாரா வாரம் காத்திருப்பது போலத்தான்.

மூன்று வகை நோட்டு

இந்தப் பிள்ளைகள் எழுதியவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, நகல் எழுத்து. ரேடியோவில் சொன்னதை அப்படியே எழுதுவது. இந்த வாரம், போன வாரம், எத்தனை வாரமாக இருக்கிறது, பாட்டு, பாடியவர் என்று கட்டம் கட்டினால் முடிந்தது. கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு இது பழகிய முகம். போன வார இடம்தான் தொடக்க இருப்பு, இந்த வார இடம் இறுதி இருப்பு!

இரண்டாம் வகை, கூட்டுச் சார்ட். அப்போதும் நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ், மெலடி மேக்கர் இரண்டும் தனித்தனிப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தன. அவற்றையும் பி.பி.சி. பட்டியலையும் சேர்த்துச் சராசரி பார்ப்பது. அதாவது 1969க்கு முன்பு பி.பி.சி. எதைச் செய்து கையைச் சுட்டுக்கொண்டதோ, அதையே!

மூன்றாம் வகைதான் உண்மையில் சொந்தச் சார்ட். விற்பனை கிடையாது, கடை கிடையாது. தனக்கு இந்த வாரம் எந்தப் பாட்டு எவ்வளவு பிடித்திருக்கிறது என்பது மட்டுமே அளவுகோல்.

இதில் கேலிக்கு இடமிருக்கிறது. பிடித்ததை எழுத வாரா வாரம் சார்ட் எதற்கு? ஆனால் உட்கார்ந்து போட்டுப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். போன வாரம் மூன்றாம் இடத்தில் இருந்த பாட்டு இந்த வாரம் ஏழா, ஐந்தா? மேலே இருப்பது நிஜமாகப் பிடித்ததாலா, பழக்கத்தாலா? பிடித்த பாடகரின் புதுப் பாட்டு சுமார்தான், இருந்தாலும் மேலே வைக்கலாமா? அதனால் தனக்குத் தானே விதி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டு முறையாவது கேட்காத பாட்டு பட்டியலில் நுழையக் கூடாது, ஒரே வாரத்தில் பத்து இடத்துக்கு மேல் இறக்கக் கூடாது, வெளியே போன பாட்டு ஒரு முறைதான் திரும்பி வரலாம் என்பது போல. ஏமாற்றினால் கேட்க யாருமில்லை. அதனாலேயே ஏமாற்றக் கூடாது என்பதுதான் இந்த விளையாட்டின் சுவாரஸ்யம்.

கூட்டல் கணக்கு

ஆண்டு முடிந்ததும் பெரிய வேலை, அந்த ஆண்டின் சிறந்த பாட்டு எது என்று பார்ப்பது. எல்லோருக்கும் முதலில் தோன்றும் முறை தலைகீழ் மதிப்பெண். முதலிடத்துக்கு 40, இரண்டாம் இடத்துக்கு 39, கடைசி இடத்துக்கு 1.

இதில் என்ன கோளாறு வரும் பாருங்கள். ஒரு பாட்டு 12ல் நுழைந்து, 4க்கு வந்து, மூன்று வாரம் முதலிடத்தில் இருந்து, பிறகு 5, 14, 30 என்று இறங்கிப் போய்விட்டது. எட்டு வாரத்தில் மொத்தம் 260 மதிப்பெண். இன்னொரு பாட்டு ஒருபோதும் முதல் பத்துக்குள் வரவில்லை, 15ஆம் இடத்திலேயே 20 வாரம் உட்கார்ந்திருந்தது. அதற்கு 520! நாடே பாடிய பாட்டைவிட மூலையில் சும்மா இருந்த பாட்டுக்கு இரண்டு மடங்கு. இதை ஓரளவாவது சரிசெய்ய முதலிடத்துக்குக் கூடுதலாக 20, முதல் பத்துக்குக் கூடுதலாக 5 என்று எடை போட வேண்டும். எடையிட்ட சராசரியைப் பாடப் புத்தகத்தில் சந்திப்பதற்கு முன்பே இந்தப் பிள்ளைகள் நோட்டில் சந்தித்துவிட்டார்கள்.

அடுத்த தொல்லை கணக்கு ஆண்டு. பால் மெக்கார்ட்னியின் விங்ஸ் குழு பாடிய மல் ஆஃப் கின்டயர் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. பிரிட்டனில் 20 லட்சத்துக்கு மேல் விற்ற முதல் சிங்கிள் அதுதான். ஆனால் அந்த ஒன்பது வாரம் 1977 டிசம்பர் 3ல் தொடங்கி 1978 ஜனவரி 28ல் முடிகிறது. டிசம்பர் 31ல் கோடு போட்டால் ஐந்து வாரம் (200 மதிப்பெண்) ஒரு ஆண்டுக்கு, நான்கு வாரம் (160 மதிப்பெண்) அடுத்த ஆண்டுக்கு. அதுவரை விற்றவற்றில் மிகப் பெரிய பாட்டு, இரண்டு ஆண்டிலும் முதலிடம் வராமல் போகலாம்! போதாக்குறைக்கு, கிறிஸ்துமஸ் வாரத்தில் பி.எம்.ஆர்.பி. கணக்கெடுக்காமல் பழைய பட்டியலையே மறுபடி போடுவது வழக்கம். அந்த வாரத்தை எண்ணுவதா, விடுவதா?

போனி எம் குழுவின் ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன் வேறு மாதிரிச் சிக்கல். 1978ல் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்துவிட்டு 20ஆம் இடம் வரை இறங்கியது. "சரி, போய்விட்டது" என்று நினைக்கும்போது, வானொலிகள் அதே தட்டின் பின்பக்கத்தில் இருந்த பிரவுன் கேர்ள் இன் தி ரிங் பாட்டை ஒலிபரப்ப ஆரம்பித்தன. ரெக்கார்டு மறுபடி ஏறி இரண்டாம் இடம் வரை வந்தது. கடைக்கு இது ஒரே சரக்கு. ஆனால் சொந்தச் சார்ட் எழுதுபவருக்கு இரண்டு பாட்டு. ஒன்று பிடித்து இன்னொன்று பிடிக்காமலும் இருக்கலாமே!

இங்கேதான் அடிப்படை வித்தியாசம் தெரிகிறது. ஒரு சார்ட் காட்டுவது வரிசையை, அளவை அல்ல. முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவே இருப்பது பத்து ரெக்கார்டா, பத்தாயிரமா என்று பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

1977 ஜூன்

இந்த நோட்டுகள் வெறும் பொழுதுபோக்கு இல்லை என்பதற்கு ஒரு வாரம் போதும். 1977 ஜூனில் எலிசபெத் ராணி அரியணை ஏறிய வெள்ளி விழாவை பிரிட்டன் கொண்டாடிக்கொண்டிருந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழு, தேசிய கீதத்தின் பெயரையே தலைப்பாக வைத்து, அரசைச் சாடும் காட் சேவ் தி குயின் பாட்டை வெளியிட்டது. பி.பி.சி. தடை செய்தது. பெரிய கடைகள் சில விற்க மறுத்தன. இருந்தும் விற்றுத் தள்ளியது.

வெள்ளி விழா வாரத்துச் சார்ட் வந்தபோது முதலிடம் ராட் ஸ்டுவர்ட்டுக்கு, செக்ஸ் பிஸ்டல்ஸுக்கு இரண்டாம் இடம். ஆனால் நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் தன் சார்ட்டில் அதற்கு முதலிடம் கொடுத்தது. வேண்டுமென்றே ஒதுக்கினார்களா என்ற சர்ச்சை இன்றுவரை ஓயவில்லை, நிரூபிக்கப்படவும் இல்லை. சில இடங்களில் மாட்டிய பட்டியலில் அந்தப் பாட்டின் பெயர் இருக்க வேண்டிய வரியைக் காலியாகவே விட்டிருந்தார்கள்.

அன்றைக்கு ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை நோட்டைத் திறந்தால் என்ன எழுதுவது? ரேடியோ சொன்னதையா, பத்திரிகை சொன்னதையா, தன் காது சொன்னதையா? எழுதித்தான் ஆக வேண்டும், வரி காத்திருக்கிறது. அதிகாரபூர்வம் என்று ஒன்று இருப்பதும், அது ஒரு தரப்பு மட்டுமே என்பதும் அந்த வாரம் பலருக்கு ஒரே நேரத்தில் புரிந்திருக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. விற்பனைச் சார்ட்டில் ஓட்டு போட ரெக்கார்டு வாங்க வேண்டும். எழுபதுகளின் கடைசியில் ஒரு சிங்கிளின் விலை ஒரு பவுண்டுக்கு முன்பின். கைச்செலவுக் காசில் வாழும் பிள்ளையால் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ வாங்க முடியும். காசே இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அதுவும் இல்லை, அவன் ஓட்டு எந்த டைரியிலும் ஏறாது. சொந்தச் சார்ட்டில் மட்டும் 40 பாட்டுக்கும் அவன் ஓட்டு விழும். சந்தையில் வாங்குபவனின் விருப்பம்தான் கணக்கில் வரும், வாங்க முடியாதவனின் விருப்பம் வராது என்று பொருளியல் வகுப்பில் சொல்வார்கள். அந்த வராத கணக்கை எழுதி வைத்த பேரேடுதான் இந்த நோட்டுகள்.

கடல் கடந்தும்

இது பிரிட்டனுக்கு மட்டும் சொந்தமான பழக்கம் இல்லை. அமெரிக்காவில் 1970 ஜூலை 4 அன்று கேசி கேசம் அமெரிக்கன் டாப் 40 நிகழ்ச்சியைத் தொடங்கினார். பில்போர்டு பத்திரிகையின் பட்டியலைக் கீழிருந்து மேலாகச் சொல்வார். 1978 அக்டோபரில் அது நான்கு மணி நேரமானது. அங்கேயும் பிள்ளைகள் நோட்டும் கையுமாகத்தான் கேட்டார்கள்.

நம் பக்கத்திலும் உண்டு. பிரிட்டனில் முதல் சார்ட் வந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், 1952 டிசம்பர் 3 அன்று, இலங்கை வானொலியில் அமீன் சயானியின் பினாகா கீத்மாலா ஆரம்பமானது. இந்திப் படப் பாடல்களை வரிசைப்படுத்திய நிகழ்ச்சி. ரெக்கார்டு விற்பனையோடு நேயர் சங்கங்களின் கருத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். புதன்கிழமை தோறும் அதைக் கேட்டு டைரியில் எழுதி வைத்த நேயர்கள் இந்தியா முழுக்க இருந்தார்கள். பல ஆண்டுகளின் பட்டியல்கள் இன்று கிடைப்பதில் அந்த டைரிகளுக்கும் பங்கு உண்டு.

நோட்டு புத்தகமானபோது

ஒரு தனி ஆளின் நோட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உதாரணம் ஜோயல் விட்பர்ன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்காரர். பில்போர்டு பட்டியல்களைப் பார்த்து, ஒரு ரெக்கார்டுக்கு ஒரு அட்டை என்று தன் சொந்த ஆசைக்காக எழுத ஆரம்பித்தார். அது 1970ல் புத்தகமானது. 2022ல் அவர் மறையும்போது அவருடைய புத்தகங்கள்தான் வானொலி நிலையங்களுக்கு ஆதாரம்.

பிரிட்டனில் 1977ல் கின்னஸ் நிறுவனம் ஹிட் சிங்கிள்ஸ் புத்தகத்தை வெளியிட்டது. தொகுத்த நான்கு பேரும் (டிம் ரைஸ், ஜோ ரைஸ், பால் கம்பாச்சினி, மைக் ரீட்) அடிப்படையில் சார்ட் பைத்தியங்கள். நோட்டு வைத்திருந்தவர்களுக்கு அது விடைத்தாள் மாதிரி. ஆனால் அந்தப் புத்தகம் ஒரு முடிவெடுத்தது. 1960லிருந்து 1969 பிப்ரவரி வரையிலான காலத்துக்கு ரெக்கார்ட் ரீடெய்லர் பட்டியலை மட்டுமே ஏற்றுக்கொண்டது. விளைவு? 1963ல் நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸிலும் மெலடி மேக்கரிலும் முதலிடம் பிடித்த பீட்டில்ஸின் ப்ளீஸ் ப்ளீஸ் மீ, "வரலாற்றில்" இரண்டாம் இடப் பாட்டாகிவிட்டது. எந்தப் பட்டியல் பின்னால் புத்தகமாகிறதோ அதுதான் வரலாறு. எழுதி வைக்காதவனுக்கு மறுத்துப் பேச ஆதாரம் இல்லை.

இன்று

2002ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற மாணவர் ஆடியோஸ்க்ராப்ளர் என்ற மென்பொருளை எழுதினார். கணினியில் ஒருவர் கேட்கும் ஒவ்வொரு பாட்டையும் அது குறித்துக்கொள்ளும். பிறகு லாஸ்ட்.எஃப்.எம். உடன் இணைந்தது. ஒவ்வொருவருக்கும் வாரா வாரம் சொந்தச் சார்ட் தானாகவே வந்தது, நோட்டும் வேண்டாம் பேனாவும் வேண்டாம். 2014 ஜூலையிலிருந்து பிரிட்டனின் அதிகாரபூர்வ சார்ட்டிலும் இணையத்தில் கேட்பது கணக்கில் சேர்கிறது. இன்று டிசம்பர் வந்தால் ஸ்பாட்டிஃபை நம் ஆண்டுப் பட்டியலைப் போட்டுக் காட்டுகிறது.

வசதிதான். ஆனால் இயந்திரம் எண்ணுவது எத்தனை முறை ஓடியது என்பதை. தூங்கும்போது ஓடினாலும் கணக்கு, பஸ்ஸில் பாதி கேட்டுத் தாண்டாமல் விட்டாலும் கணக்கு. 1978ன் நோட்டு எண்ணியது வேறு. ஞாயிறு இரவு ஒருவர் உட்கார்ந்து, நாற்பது பாட்டையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்து, இது அதைவிடப் பிடிக்கிறது என்று நாற்பது முறை முடிவெடுத்தார். மாதிரிக் கணக்குப் பாடத்தின்படி பார்த்தால் ஒரே ஒரு ஆளைக் கேட்டு எடுத்த சர்வே, நாட்டைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆனால் அந்த ஒரு ஆளைப் பற்றி அதைவிடச் சரியான ஆவணம் வேறு கிடைப்பது கஷ்டம்.

அந்த நோட்டுகள் பெரும்பாலும் பரண்களிலும் பழைய பேப்பர் கட்டுகளிலும் போயிருக்கும். தப்பியவை சில இன்று எக்செல் கோப்புகளாகத் தட்டச்சு செய்யப்பட்டிருக்கின்றன, சிலர் ஐம்பது வயதுக்கு மேலும் வாரா வாரம் தொடர்கிறார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் இருந்தால் யாரும் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பிக்கலாம். முதல் வாரம் எளிது. மூன்றாம் வாரம், போன வாரத்து முதலிடம் இன்னும் முதலிடம்தானா என்று கேட்கும்போதுதான் கஷ்டம் ஆரம்பிக்கும்.